அது புழு இல்லீங்க, வேர்

ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, அந்தச் சிப்ஸ் பாக்கெட்டைச் சித்த இப்படிக் குடுங்க. திங்கறதுக்கு இல்லீங்க. பின்னாடி என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கறதுக்கு. ம்... பாத்தீங்களா, பச்சை எலை படம் போட்டு 'இயற்கையின் நண்பன்'னு போட்டிருக்கறான். உள்ள பாருங்க, வெள்ளியாட்டம் மின்னுதா? பிளாஸ்டிக் மேல அலுமினியத்தைப் பூசினது. ரெண்டையும் பிரிக்கவே முடியாதுங்க. குப்பை பொறுக்கறவன்கூட இதைக் கையில எடுக்க மாட்டான். இவன் இயற்கைக்கு நண்பனாம்.

இல்லீங்க, நீங்க தின்னுங்க. உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொன்னேன். வாங்கறவனுக்கு அறிவில்லாதப்ப விக்கறவனைச் சொல்லி என்ன புண்ணியம்.

நீங்க கரூரா? சரிங்க. நான் காங்கயத்துல எறங்கறது. எங்கக்கா மக கல்யாணம்ங்க. பிரதீபான்னு பேரு. இன்னைக்குச் சாயங்காலம் சீரு, நாளைக்குக் காலையில முகூர்த்தம். நான் தாய்மாமன். கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தானுங்க. மாமன் கட்டற பட்டம் நெத்தியில ஏறாமப் பொண்ணு மணவறைக்குப் போகக் கூடாதுங்கறது எங்க வழக்கம். ஆனாப் பத்திரிகையில தாய்மாமன்னு போட்டிருக்கற எடத்துல எம்பேரு இல்லீங்க. நாச்சிமுத்துன்னு இருக்கோணும். கிட்டுசாமின்னு இருக்குது.

கிட்டுசாமி யாருன்னு கேக்கறீங்களா? எங்க பெரியப்பன் மகன். அக்காளுக்கு அவனும் பொறந்தவன் முறைதான், இல்லீங்கல. காங்கயத்துல கடை வெச்சிருக்கறான். என்ன கடைங்கறீங்க? பாலிதீன் கவரு, டீ கப்பு, தெர்மாகோல் தட்டு. பூமியில என்னென்ன மக்காதோ அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சு விக்கறவனுங்க அவன். அவன் என் மருமக நெத்தியில பட்டம் கட்டப் போறான். கேட்டா வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

பத்திரிகைகூட வாட்சப்புலதான் வந்துச்சு. தாய்மாமனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு, ஊடு தேடி வந்து, கையில குடுக்கோணும்ங்க. போன் பண்ணிக் கேட்டேன். "நீதானடா பத்திரிகை அடிக்கறது மரத்தை வெட்டற பாவம்னு சொன்னே"ங்கறா. நான் சொன்னது ஊரு சனத்துக்குங்க. கூடப் பொறந்த தம்பிக்கா?

நான் என்ன சோலி பாக்கறேன்னு கேட்டீங்கல்ல. மில்லுல இருவத்திரெண்டு வருசம் குவாலிட்டி செக்சன்ல இருந்தேன். வெளிய வந்தப்பறம் கோயமுத்தூருல மூணு நாள் கருத்தரங்கு ஒண்ணுக்குப் போனேன். அந்த மூணு நாள்ல கண்ணு தொறந்திருச்சுங்க. இப்ப நான் ஆலோசகர். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பேக்கிங்கை எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லித் தர்றது.

அவங்க லட்சணத்தைக் கேளுங்க. இயற்கை அங்காடின்னு ஒருத்தன் வெச்சிருக்கறான். உள்ள போனா, பாக்குமட்டைத் தட்டு பத்துப் பத்தா அடுக்கி, மேல பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுத்தி விக்கறான். ஏன்டான்னா தூசி படக் கூடாதாம். இன்னொருத்தன் டீக்கடைக்காரன். பிளாஸ்டிக் கப்பை ஒழிச்சுட்டேன், காகிதக் கப்புக்கு மாறிட்டேன்னு போர்டு வெச்சிருக்கறான். காகிதத்துல சுடு தண்ணி ஊத்தினா நிக்குமாடா மடையா? உள்ள பிளாஸ்டிக் பூசியிருக்குது, அதனால நிக்குது. கிழிச்சுக் காட்டினேனுங்க, அவன் முன்னாடியே. "சார், டீக்குக் காசு குடுத்துட்டுக் கிழிங்க"ங்கறான். இந்த மாதிரி ஆளுகளுக்குத்தானுங்க நான் நாயாக் கத்தறது.

மூணாவது ஒருத்தன் மக்கும் கவருன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டு என்னையே ஏமாத்தப் பாத்தான். அது மக்கறதுக்குன்னு தனி உலை வேணும்ங்க. அறுவது டிகிரி சூடு வேணும். நம்மூரு குப்பை மேட்டுல போட்டா அதுவும் பிளாஸ்டிக் மாதிரி சாவாமக் கெடக்கும். இதெல்லாம் தெரியாமத்தான் எல்லாப் பயலும் பச்சை எலை படம் போடறான்.

சரி, கதைக்கு வர்றேன். எங்கக்கா பேரு தெய்வாத்தா. மாமா காலமாயி பதினோரு வருசமாச்சு. முறுக்குச் சுட்டு விக்க ஆரம்பிச்சு, இன்னைக்குப் பன்னெண்டு பொம்பளைக வேலை பாக்கறாங்க. தேங்காப்பால் முறுக்கு, தட்டுவடை, அதிரசம். முறுக்கு நல்லாத்தான் இருக்கும், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். பேக்கிங் மட்டும் கண்றாவி. பாலிதீன் கவருல போட்டு, மெழுகுவத்தியில வாயைச் சுட்டு ஒட்டறது. கவரு கிட்டுசாமி கடையில வாங்கறது. உள்ளூர்க்காரங்களுக்கு இன்னும் மோசம். நாப்பது தகர டின்னு வெச்சிருந்தா. டின்னுல முறுக்கைக் குடுத்துட்டு, காலி டின்னைத் திருப்பி வாங்கி, சுடுதண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காய வெச்சு, மறுக்கா ரொப்பறது. நான் போனப்ப அந்த டின்னுகளைப் பாத்துட்டு, "என்னக்கா, மண்ணெண்ணெய்க் கடையாட்டம் வெச்சிருக்கறே"ன்னு சொல்லி, அத்தனையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன். எடம் சுத்தமாச்சுங்க. அவளுக்கு மூஞ்சி மட்டும் ஒரு மாதிரிப் போச்சு.

போன தீவாளிக்கு அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. திருப்பூருல ஒரு பனியன் கம்பெனி. தீவாளி போனசோட ஒவ்வொரு தொழிலாளிக்கும் பலகாரப் பாக்கெட் குடுக்கறது வழக்கம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. மூவாயிரத்து எரநூறு பாக்கெட். அந்தக் கம்பெனி மேனேஜர் சாமியப்பன்னு ஒருத்தர். அவரு மகனுக்குத்தான் பிரதீபாவை நிச்சயம் பண்ணி, தையில கல்யாணம்னு இருந்துச்சு. சம்பந்தி ஆகப் போற பொம்பளை, நல்லாச் செய்வாங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லி, தன் பொறுப்புல ஆர்டரை வாங்கிக் குடுத்தது அவருதான். வெளிநாட்டுக்காரங்க சரக்கு வாங்கற கம்பெனி, பேக்கிங்கும் பசுமையா இருந்தா நல்லதுன்னு மொதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருக்கறாரு.

அக்கா என்னைக் கூப்பிட்டா. "தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். புள்ளை வாழப் போற எடம்டா. பாத்துச் செய்"ன்னா. அவ வாயில அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்னைக்குத்தானுங்க. பெருமையா இருந்துச்சு. இருக்கறதிலேயே ஒசத்தியானதைச் செஞ்சு காட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

விதைக் காகிதம். கேள்விப்பட்டிருக்கறீங்களா? இல்ல, உங்களுக்கு எங்க தெரியப் போகுது. பழைய துணிக் கழிவை அரைச்சு, அதுல விதையைக் கலந்து காகிதமாத் தட்டறது. முறுக்கைத் தின்னுட்டு, சுத்தின காகிதத்தைத் தொட்டியில போட்டுத் தண்ணி ஊத்தினாச் செடி மொளைக்கும். குப்பைங்கற பேச்சே இல்ல. ராசஸ்தான்ல இருந்து வர வெச்சேன். கடுகு விதை போட்டது. பிளைட்டுல வந்துச்சுங்க. கசங்காம இருக்கோணும்னு ஒவ்வொரு கட்டையும் குமிழ் குமிழா இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக்குல மூணு சுத்துச் சுத்தி, டேப்பு ஒட்டி, அவ்வளவு பக்குவமா அனுப்பியிருந்தான். அதைப் பிரிக்கறதுக்கே ரெண்டு பொம்பளைகளுக்கு ஒரு நாள் ஆச்சு. சரக்குன்னா அப்படி இருக்கோணும்.

அக்கா காகிதத்தைத் தடவிப் பாத்தா. "உள்ளுக்கு ஒரு மெல்லிசான கவரு போட்டுக்கலாமாடா? முறுக்கு நமத்துப் போயிரும்"ன்னா. நான் சிரிச்சுட்டேன். உள்ள பிளாஸ்டிக்கை வெச்சுட்டு வெளிய விதைக் காகிதம் சுத்தினா, அந்த டீக்கடைக்காரனுக்கும் நமக்கும் என்னக்கா வித்தியாசம்னு கேட்டேன். கவருக் கட்டை எடுத்து உள்ள வெச்சுட்டா. முறுக்கு நல்லா ஆறோணும், ஒரு ராத்திரி பரப்பி வைக்கோணும்னு ஆரம்பிச்சாங்க அந்தப் பொம்பளைக. காகிதம் மூச்சு விடும், கவருக்குத்தான் அந்த வேலையெல்லாம், வெதுவெதுப்பா இருக்கறப்பவே கட்டுங்கன்னுட்டேன். பதினோரு வருசமாச் செய்யறாங்களாம். பதினோரு வருசமாத் தப்பாச் செஞ்சா சரியாப் போயிருமா?

கட்டறதுக்கு டேப்பு கூடாது, ரப்பர் கூடாது. வாழை நாரு. பூக்கட்டறவங்க பாத்திருக்கறீங்களா, நாரைத் தண்ணியில நனைச்சுத்தான் கட்டுவாங்க. இல்லைன்னாப் பொட்டு பொட்டுன்னு அறுந்து போகும். ஒரு பெரிய குண்டாவுல தண்ணி வெச்சு நாரை ஊறப் போட்டேன். மூவாயிரத்து எரநூறு பாக்கெட்டும் ஈர நாருல கட்டினது. பாக்கறதுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? கோயில் பிரசாதமாட்டம் இருந்துச்சு. நான் போட்டோ எடுத்து எங்க குரூப்புல போட்டேன், நூத்திச் சொச்சம் பேரு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

ஏத்திட்டுப் போக வண்டி கிட்டுசாமியோடது. ஐப்பசி மாசம், தூறல் விட்டபாடில்ல. அவன் தார்ப்பாயை எடுத்துட்டு வந்து மேல போத்தப் போனான். நீல நெறப் பிளாஸ்டிக் தார்ப்பாய்ங்க! பசுமைச் சரக்கு, மேல பிளாஸ்டிக். தூக்கி எறிடான்னேன். சாக்கு போத்தினாப் போதும்னேன். அவன் தலையைச் சொறிஞ்சுட்டே நிக்கறான். "அண்ணா, சாக்கு தண்ணியைக் குடிக்குமுங்க. நாலு நாளு குடோன்ல கெடக்கப் போகுது"ங்கறான். எனக்கு இவன் பாடம் நடத்தறான், பாருங்க. பத்தாவது பெயிலு.

நாலாம் நாள் போனஸ். மத்தியானம் பாக்கெட்டைக் குடுக்க ஆரம்பிச்சிருக்கறாங்க. அக்காளும் நானும் போயிருந்தோம், பெருமையாப் பாக்கறதுக்கு. கட்டிங் செக்சன் பொம்பளை ஒருத்தி பிரிச்சா. பிரிச்சவ வீல்னு ஒரு கத்தல். "புழு! புழு!"ன்னு பாக்கெட்டைத் தூக்கி எறிஞ்சா. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிரிக்கறாங்க, ஆளாளுக்குக் கத்தறாங்க.

என்னன்னு போய்ப் பாத்தா, கடுகு மொளைச்சிருக்குது. நாரு கட்டின எடத்துல வரிசையா, கோடு போட்டாப்பல. வெள்ளை வெள்ளையா வேரு உள்ள எறங்கி, முறுக்கு மேல படிஞ்சிருக்குது. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சுங்க. உண்மையைச் சொல்றேன். ராசஸ்தான்காரன் ஏமாத்தலீங்க, விதை நல்ல விதை. நூத்துக்குத் தொண்ணூறு மொளைச்சிருந்துச்சு.

ஆனா அந்த சனத்துக்கு அது புழு. ஆத்துல சாயம் ஓடறதைப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு, ஒரு உசுரைப் பாத்தா அடையாளம் தெரியுமா? நான் ஒரு ஸ்டூலைப் போட்டு மேல ஏறினேன். "அம்மா, அய்யா, கேளுங்க! இது புழு இல்ல, வேர்! கடுகு மொளை! ஒடம்புக்கு நல்லது!"ன்னு சொல்லி, ஒரு முறுக்கை எடுத்து எல்லாரும் பாக்கத் தின்னு காட்டினேன். நமத்துப் போயி, மண்ணு வாசத்தோட, கசப்பா இருந்துச்சு, அது வேற விசயம். தின்னேனா இல்லையா? எவனோ போன்ல எடுத்துட்டான். நாப்பது செகண்டு. 'புழு தின்னும் மாமா'ன்னு பேரு வெச்சு ஊரு பூராவும் அனுப்பிச்சுட்டாங்க. உங்களுக்கும் வந்திருக்கும். வரலீங்களா? மூஞ்சியைப் பாத்தா வந்தாப்பலதான் இருக்குது.

சரி, அதை உடுங்க. எனக்கு எங்க கோவம் வந்துச்சுன்னா, ஸ்டூலு மேல இருந்து திரும்பிப் பாக்கறேன், எங்கக்கா அழுதுட்டே ஒவ்வொருத்தர் முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்கறா. "மன்னிச்சுக்கங்க, நல்ல பலகாரம் செஞ்சு தர்றேனுங்க, மன்னிச்சுக்கங்க." வேரைப் புழுங்கற கூட்டத்துகிட்ட எதுக்குங்க மன்னிப்பு? எறங்கி வந்து, "எதுக்குக் கும்பிடறே? இதுகளுக்கெல்லாம் முறுக்கே ஜாஸ்தி"ன்னு சத்தம் போட்டேன். சாமியப்பன் பக்கத்துல வந்து, "நாச்சிமுத்து, கொஞ்சம் அமைதியா இருங்க, மொதலாளி மேல நின்னு பாத்துட்டிருக்கறாரு"ன்னாரு. எனக்கு இருந்த வேகத்துல, "நீங்க மேனேஜரா இருந்து என்ன பிரயோசனம், வேருக்கும் புழுவுக்கும் வித்தியாசம் தெரியல. உங்க ஊட்டுக்கா எங்க பொண்ணைக் குடுக்கறது?"ன்னு கேட்டுட்டேன்.

கேட்டது கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன். ஸ்டூலு மேல பேசின அதே சத்தம் வந்திருச்சு. ஆனாக் கேட்டதுல தப்பு இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டாங்க.

தைக் கல்யாணம் நின்னு போச்சு. சாமியப்பன் ஊட்டுல இருந்து யாரும் வாய் தொறந்து வேண்டாம்னு சொல்லல. நாள் பாக்கலாம், பாக்கலாம்னே தள்ளிட்டாங்க. பிரதீபா ரெண்டு மாசம் சரியாச் சாப்பிடலைன்னு சொன்னாங்க. நான் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன், 'உண்மை ஒரு நாள் ஜெயிக்கும் கண்ணு'ன்னு. ரெண்டு நீலக் கோடு வந்துச்சு, பதில் வரல. அந்தப் புள்ளைக்கு மொதமொதல்ல சைக்கிள் ஓட்டச் சொல்லித் தந்தது நானுங்க. விழுந்தா, வேற யாருகிட்டயும் போகாது, எங்கிட்டத்தான் வரும்.

அதுக்கப்பறம் எங்கக்கா பண்ணின மானங்கெட்ட வேலையைக் கேளுங்க. தீவாளி கழிஞ்ச மறு வாரம், பன்னெண்டு பொம்பளைகளையும் வெச்சு, மூவாயிரத்து எரநூறு பேருக்கும் மறுக்கா முறுக்குச் சுட்டா. கிட்டுசாமி வண்டியில ஏத்திட்டு, தொழிலாளிக இருக்கற லைன் வூடு லைன் வூடாப் போயி, கதவைத் தட்டிக் குடுத்துட்டு வந்திருக்கறாங்க. எதுல? தகர டின்னுல! இரும்புக் கடைக்குப் போயி, நான் போட்ட டின்னுல நசுங்காததாப் பாத்து முப்பத்தோரு டின்னைத் திருப்பி எடுத்துட்டு வந்திருக்கறா. டின்னைக் கொண்டு போயி, அவங்கவங்க ஊட்டு ஏனம் பாத்திரத்தைக் கொண்டு வரச் சொல்லி, எண்ணிப் போட்டுட்டு, காலி டின்னோட திரும்பறது. பேக்கிங்கே இல்ல! பேக்கிங்கே இல்லாம ஒரு யாவாரமா? அப்பறம் எங்களையாட்டம் ஆலோசகரெல்லாம் எதுக்குங்க இருக்கறோம்?

இன்னைக்கு அந்தக் கம்பெனி கேண்டீனுக்கு மாசா மாசம் அவ சரக்குத்தான் போகுது. எல்லாம் டின்னு. கவரு கொண்டு போற கிட்டுசாமி வண்டி, திரும்பி வர்றப்பக் காலி டின்னை ஏத்திட்டு வருது. போன மாசம் வெளிநாட்டுக்காரங்க வந்திருக்கறாங்க. டின்னுகளை வரிசையா வெச்சுப் போட்டோ எடுத்துட்டு, இதுதான் நெசமான பசுமைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்களாம். அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கறாராம் சாமியப்பன். வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்மாளுக்கு வேதம். நான் ஒரு வருசமாக் கத்தினேன், எவனாச்சும் கண்ணாடி போட்டு மாட்டினானா?

என்ன கேட்டீங்க? டின்னு நல்லதுதானேங்கறீங்களா? நல்லதுங்க. திருப்பித் திருப்பிப் பொழங்கறதுதான் இருக்கறதிலேயே நல்லதுன்னு என் பாடத்துல மொதப் பக்கத்துலயே இருக்குது. அதை நான் சொல்லிச் செஞ்சிருக்கோணும்ங்க. தன்னாலயே செஞ்சா அது எப்படிங்க கணக்குல வரும்.

அந்த டின்னுனாலதான் கல்யாணம் மறுக்கா கூடிச்சு. லைன் வூடுகளுக்கு அக்கா போன அன்னைக்குச் சாமியப்பன் பொண்டாட்டியும் கூடப் போயி எண்ணிக் குடுத்தாங்களாம். ஆவணியில நாள் வெச்சாங்க. ஒரே ஒரு பேச்சு மட்டும் சம்பந்தி ஊட்டுல சொல்லியிருக்கறாங்க: எங்களை அத்தனை பேரு முன்னாடி அப்படிக் கேட்டவரு சபையில மாமனா நிக்கறது எங்களுக்குச் சங்கடமா இருக்குதுன்னு. அக்கா சரின்னுட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. கிட்டுசாமி பேரைப் போட்டுட்டா. ஆனாலும் நான் போறேனுங்க. பட்டத்தை நானே வாங்கி வெச்சிருக்கறேன். போய் மண்டபத்து வாசல்ல நிக்கறேன், எவன் தடுக்கறான்னு பாத்தர்றேன்.

பல்லடம் தாண்டிட்டமுங்களா? சித்த இருங்க, போன் அடிக்குது. அட. அக்காங்க.

ஹலோ... அக்கா... பஸ்ஸுல இருக்கறேன். எங்க போறது, அங்கதான்... யாரு கூப்பிட்டா என்ன கூப்பிடாட்டி என்ன, எம் மருமக... ம்... யாரு, கிட்டுசாமியா? என்ன சொன்னான்? 'பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப நான் எப்படிக்கா கட்டறது'ன்னா? அவனா சொன்னான்?... ம்... சாமியப்பன்கிட்ட அவனே போய்ப் பேசினானா... சரி... சரின்னுட்டாரா? நெசமாவா?... அழுகாதக்கா. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அழுகறே... பிரதீபா கேட்டுச்சா? மாமா வந்துட்டாங்களான்னா கேட்டுச்சு?... ம்... நான் என்ன பண்ணோணும்?... 'தப்பாப் போச்சுங்க'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானா?... சொல்றேன்க்கா. சொல்றதுக்கு என்ன. வந்த உடனே சொல்றேன்... ஆனா ஒண்ணே ஒண்ணு. அதுக்கு முன்னாடி அவரு ஒண்ணு ஒத்துக்கோணும். அது புழு இல்ல, வேருன்னு... சபையில வேண்டாம்க்கா. தனியாக் கூப்பிட்டு, எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்... ஏன், உண்மையைச் சொல்றதுக்கு அவருக்கு என்ன?... இல்லக்கா, நீ கேளு, நான் சொல்றது... ஹலோ? அக்கா? ஹலோ?

கட் ஆயிருச்சுங்க. இந்த ரோட்டுல டவரே கெடைக்காது. என்னங்க? உங்க போன்ல முழுசா இருக்குதா? உங்க கம்பெனி வேற, நம்ம கம்பெனி வேறங்க.

கூப்பிடுவா. அவளால இருக்க முடியாது. நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலையே. மூணு வார்த்தை. புழு இல்ல, வேரு. அவரும் படிச்சவருதானே, உள்ளுக்குள்ள அவருக்குத் தெரியுமுங்க. நான் கூப்பிட்டுப் பாக்கலாம்தான். ஆனா இப்ப நான் கூப்பிட்டா, ஒத்துக்காட்டியும் பரவால்லைன்னு சொன்னாப்பல ஆயிரும். இத்தனை மாசம் பொறுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்.

வந்திருச்சா? காங்கயமா? அதுக்குள்ளயா? ஆமாங்க, ஸ்டாண்டுதான்.

இல்லீங்க, எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. நான் எறங்கலீங்க. இன்னும் கூப்பிடல, பாருங்க. எறங்கிட்டேன்னு வெச்சுக்கங்க, நானாத் தேடிப் போயித் தப்புன்னு சொன்ன மாதிரித்தானே அவங்களுக்குத் தெரியும்? எனக்கும் ஆசை இல்லைன்னு நெனைக்காதீங்க. அந்தப் புள்ளையை நெத்தியில பட்டத்தோட ஒருக்காப் பாத்தாப் போதும்ங்க எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம். பொறந்த அன்னைக்கு ஆசுபத்திரியில மொதல்ல கையில வாங்கினது நானுங்க, அவங்கப்பன்கூட இல்ல. என்ற கையால கட்டோணும்னு எத்தனை வருசமா நெனைச்சிருப்பேன்.

கெளம்பறானா? கெளம்பட்டும். கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர்! வெள்ளகோயில் ஒண்ணு குடுங்க. ஆமாங்க, காங்கயம் வரைக்கும்தான் எடுத்திருந்தேன். இப்ப வெள்ளகோயில் குடுங்க.

நீங்க சித்த அக்கட்டத் தள்ளி உக்காருங்க. ஜன்னலோரம் போனைப் புடிச்சா டவர் கெடைக்கும்.